இருபத்தோராவது படி

கேள்வி: எனக்கு 41 வயது. கும்பகோணத்தில் கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தேன். கணவருக்கு மத்திய அரசில் வேலை. திருமணமாகிப் பதினோரு ஆண்டுகளாகப் புது தில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. ஒரு காலத்தில் பேனாவும் மையும் தொடாத நாளே எனக்குக் கிடையாது. இப்போது நான்கு ஆண்டுகளாக ஒரு கோடுகூடப் போடவில்லை. என்னுடன் படித்த தோழி லடாக்குக்கும் ஸ்பிதிக்கும் போய் வந்து வரைந்து அனுப்பும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம், அப்படி ஒரு பயணம் அமைந்தால்தான் எனக்கும் இன்ஸ்பிரேஷன் வரும் என்று தோன்றுகிறது. எனக்கு அமைந்திருப்பதோ வீடு, வாரச் சந்தை, கிருத்திகைக்குக் கிருத்திகை மலை மந்திர் முருகன் கோவில். அதுவும் மாமியாருக்குத் துணையாகத்தான். பக்தி என்று சொல்லிக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை. அவர் சுவாமிமலைப் பக்கத்துக்காரர், சுதந்திரம் வந்த அதே 1947 ஆகஸ்டில் பிறந்தவர், முழங்கால் வலி. ஒரு கையை என் தோளில் ஊன்றி, படிக்கொரு தரம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு ஏறுவார். மேலே போய்ச் சேர்வதற்குள் என் இடது தோள் மரத்துப் போய்விடும். இந்த வாழ்க்கையில் வரைவதற்கு என்ன இருக்கிறது?

— ஒரு வாசகி, புது தில்லி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது இரக்கம் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது, சொன்னால் வருத்தப்படாதீர்கள், கொஞ்சம் கோபம் வந்தது. வரைவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு முந்தைய வரியிலேயே ஒரு படத்தை வரைந்து முடித்துவிட்டு, அது படம் என்று தெரியாமலேயே கடிதத்தை மடித்து அனுப்பியிருக்கிறீர்கள். முழங்கால் வலியுள்ள ஒரு முதியவர், தோள் கொடுக்கும் ஒரு மருமகள், முணுமுணுப்பு, படி. தோள் மரத்துப்போகிறது என்று மட்டும் எழுதியிருந்தால் நான் அதைக் கடந்து போயிருப்பேன். நீங்கள் இடது தோள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு ஆண்டுகளாக ஓய்ந்திருப்பது உங்கள் கை மட்டும்தான் என்பதற்கு எனக்கு அந்த ஒரு சொல் போதும்.

லடாக்கைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். ‘இலவு காத்த கிளி’ என்று நம் வீடுகளில் சொல்வார்கள் அல்லவா? தில்லியில் அந்தப் பழமொழியைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரை, ஓர் இலைகூட இல்லாமல் சிவப்பு சிவப்பாகக் கனத்த பூக்களைச் சுமந்துகொண்டு சாலையோரங்களில் நிற்கும் சேமல் மரம் நம் செவ்விலவுதான். அந்த நாட்களில் அதன் கீழே ஐந்து நிமிடம் நின்றால் கிளி, மைனா, காக்கை எல்லாம் தேனுக்காக அடித்துக்கொள்வதைக் காணலாம். காய் வெடித்துப் பஞ்சு பறப்பது பிறகு, கோடையில். பழம் கிடைக்கும் என்று காத்திருந்து பஞ்சைக் கண்டு ஏமாந்த கிளியை நாம் தலைமுறை தலைமுறையாகக் கேலி செய்துகொண்டிருக்கிறோம். பூக்காலத்தில் அதே கிளி வயிறாரத் தேன் குடித்ததைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. உங்கள் தோழியின் பயணங்களில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உங்களுக்கும் வாய்ப்பு வந்தால் கட்டாயம் போய்விட்டு வாருங்கள். ஆனால் அந்தப் பயணம் வரும்வரை பேனாவைத் தொடமாட்டேன் என்று இருப்பது, பூவைப் பார்க்காமல் காயைக் காத்திருப்பதாகத்தான் முடியும்.

அதோடு, ஓர் இடத்துக்கு முதன்முறையாகப் போகிறவருக்குக் கிடைக்காத ஒன்று உங்களிடம் இருக்கிறது. பதினோரு ஆண்டுகளில் கிருத்திகைகள் நூற்று நாற்பதுக்கு மேல் வந்திருக்கும். பாதிக்குப் பாதி தவறியிருந்தாலும், எழுபது முறையாவது அந்தக் குன்றில் ஏறியிருப்பீர்கள். மலை மந்திருக்குப் புதிதாக வருகிறவர் என்ன வரைவார்? சோழர் பாணியில் கருங்கல்லால் எழுப்பிய சுவாமிநாதர் சந்நிதியின் விமானத்தைக் கீழிருந்து வரைவார். குன்றின்மீது பொறித்திருக்கும் ‘யாமிருக்க பயமேன்’ என்ற வாசகத்தை வரைவார். மயில் கண்ணில் பட்டால் அதையும் சேர்த்துக்கொள்வார். அழகான படமாகவே இருக்கும், ஆனால் அதை யார் வேண்டுமானாலும் வரைந்திருக்கலாம். ஜூன் வெயிலில் கல் தரையில் எந்த இடத்தில் கால் சுடும், எந்த இடத்தில் தப்பிக்கலாம் என்று உங்களுக்குத் தெரியும். ஜனவரிப் பனியில் காலுறையைக் கழற்ற மனமில்லாமல் நிற்கும் பிள்ளைகளின் முகம் தெரியும். அர்ச்சனைத் தட்டைப் பிடித்தபடியே அலுவலகத் தொலைபேசிக்கு இந்தியில் பதில் சொல்லும் நம்மவர்களைத் தெரியும். 1965-இல் அடிக்கல் நாட்டி, 1973 ஜூன் 7 அன்று குடமுழுக்கு நடந்த கோவில் அது. ஊரை விட்டு இங்கே வேலைக்கு வந்த ஒரு தலைமுறை, தங்கள் ஊர்ச் சாமியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டது. அந்தத் தலைமுறையில் இன்று எஞ்சியிருப்பவர்கள் மூட்டு வலியோடு படியேறுகிறார்கள். அவர்களை வரைய லடாக்கிலிருந்து யாரும் வரப்போவதில்லை.

இனி அந்த முணுமுணுப்புக்கு வருகிறேன். அதை மந்திரம் என்று நினைத்து நீங்கள் கேட்காமல் விட்டிருக்கலாம். என் ஊகம் வேறு. சுவாமிமலைக் கோவிலின் அறுபது படிகளும் அறுபது தமிழ் ஆண்டுகளைக் குறிப்பவை என்பது அந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்; பிரபவ, விபவ, சுக்கில, பிரமோதூத என்று படிக்கொரு பெயர். சிறு வயதில் அந்தப் படிகளில் ஏறி வளர்ந்த ஒருவர், ஆயிரத்து ஐந்நூறு மைல் தள்ளி இன்னொரு சுவாமிநாதனின் குன்றில் ஏறும்போது, அதே பெயர்களைத்தான் சொல்லிக்கொண்டு போகிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் பிறந்த 1947 ஆகஸ்ட் சர்வசித்து ஆண்டில் வருகிறது; வரிசையில் அது இருபத்தொன்று. நான் நினைப்பது சரியானால், ஒவ்வொரு கிருத்திகைக்கும் அவர் தம் பிறந்த ஆண்டை மிதித்து ஏறுகிறார், உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு. அது முருகன் பெயராகவும் இருக்கலாம், வெறும் மூச்சு வாங்கலாகவும் இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

பக்தி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி உபதேசம் செய்ய நான் விரும்பவில்லை. தோள் கொடுக்கிறவரின் நெஞ்சில் பக்தி எத்தனை பங்கு என்று அளக்க என்னிடம் படியும் இல்லை, மரக்காலும் இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக அடுத்த முறை நோட்டுப் புத்தகத்தோடு கோவிலுக்குப் போய்விடாதீர்கள். சந்நிதியில் நிற்கும்போதே ‘இதை எப்படி வரையலாம்’ என்று கணக்குப் போடும் கண்ணுக்கு, நேரில் இருப்பது தெரியாது; கும்பிட வந்தவர்களுக்கும் அது இடைஞ்சல். கையை வீசிக்கொண்டு போங்கள், நில்லுங்கள், திரும்பி வந்து அன்று இரவுக்குள் நினைவிலிருந்து வரையுங்கள். நினைவில் தங்கியது மட்டும் தாளில் இறங்கும். தங்காததற்காக வருந்த வேண்டாம், இருபத்தேழு நாளில் மறுபடியும் கிருத்திகை வருகிறது. தந்தைக்கே பொருள் சொன்ன பிள்ளையின் கோவில் அது. சிவபெருமான் வாய் பொத்திக் குனிந்து கேட்கும் அந்தத் தோற்றத்தை எத்தனையோ சுதைகளில் பார்த்திருப்பீர்கள். உங்கள் மகள் ஒரு நாள் கோவிலில் என்ன பார்த்தாள் என்று நீங்களும் கொஞ்சம் குனிந்து கேட்டுப் பாருங்கள். ஆறு வயதுப் பிள்ளையின் கண் உயரத்தில் விமானம் தெரியாது. பாதங்களும் கொலுசுகளும் புடவைக் கரைகளும் தெரியும்.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, எல்லாம் மனசில்தான் இருக்கிறது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாம் மனசில் இல்லை. நீங்கள் எழுதாமல் விட்டதை நான் சொல்கிறேன்: உங்களுக்குக் குறைந்திருப்பது யாரும் குறுக்கே கூப்பிடாத ஒரு மணி நேரம். தோழிக்கு லடாக்கில் மலையோடு சேர்த்து அதுவும் கிடைத்தது. மலைக்கு நீங்கள் கொடுக்கும் பெருமையில் பாதி அந்த நேரத்துக்குச் சேர வேண்டியது. ‘வேலையெல்லாம் முடிந்தபின்’ என்று ஒரு நேரம் எந்த வீட்டிலும் வருவதில்லை. ஆகவே கணவரிடம் நேராகக் கேளுங்கள். ‘முடிந்தால்’, ‘உங்களுக்குச் சிரமமில்லை என்றால்’ என்ற ஒட்டுகள் வேண்டாம். ஞாயிறு காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை பால், காபி, பிள்ளைகள், அம்மா நால்வகைப் பொறுப்பும் அவருடையது என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் படம் வராமல் வெறுமனே உட்கார்ந்திருந்தாலும், எழுந்து போய்ப் பாத்திரம் துலக்காதீர்கள்.

நோட்டு விலை உயர்ந்ததாக இருக்க வேண்டாம். நான் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தடித்த அட்டை போட்ட அழகான நோட்டு ஒன்று வாங்கினேன்; அதன் முதல் பக்கத்துக்குத் தகுந்த சொல் இன்றுவரை எனக்கு அகப்படவில்லை. மகனின் பழைய பள்ளி நோட்டில் மீந்த தாள்கள் போதும், பேனாவைப் பீரோவில் வைக்காமல் ஃபிரிட்ஜ் மேல் வையுங்கள்.

நீங்கள் படித்த கும்பகோணத்திலேயே ஓவியம் படித்த கோபுலுவை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நடுத்தரக் குடும்பத்தின் கூடம், ஊஞ்சல், திருவிழாக் கூட்டம், கூட்டத்தில் குழந்தையைத் தோளில் தூக்கிய அப்பா என்று, நம் எல்லோர் வீட்டிலும் இருந்ததையே அவர் வரைந்தார். அவர் காலத்து ஓவியர் சில்பி கோவில் கோவிலாக உட்கார்ந்து கல்லை வரைந்தார். உங்கள் கை இந்த இருவரில் யார் பக்கம் சாய்கிறது என்று நான்கு ஞாயிறுகளில் தெரிந்துவிடும். என் பந்தயம் கோபுலு பக்கம்.

வெளியே போக வேண்டும் என்ற ஆசையும் நியாயமானதே. வாரச் சந்தையை நான் பெரிதாகப் புகழப் போவதில்லை. பையும் பேரமுமாக இருக்கும்போது யாராலும் எதையும் பார்க்க முடியாது. ஜூலை மாதம் ஒரு விடுமுறை நாளில், மழை விட்ட காலையில், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பழைய ராஜபாதையான கர்த்தவ்ய பத் பக்கம் போய்விட்டு வாருங்கள். 1931-இல் திறந்துவைத்த புது தில்லியில் சாலைக்குச் சாலை மரத்தைத் தேர்ந்து நட்டார்கள். ஜன்பத்தில் மருதம், அக்பர் சாலையில் புளி, ராஜபாதையில் நாவல். நாவல் பழுக்கும் அந்தச் சில வாரங்களில், பழத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்களின் ஆட்கள் கீழே நான்கு முனையிலும் துணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நிற்பார்கள். மேலே ஒருவர் கிளையை உலுக்குவார். ஔவைக்கு முருகன் போட்ட ‘சுட்ட பழமா, சுடாத பழமா’ கதையைச் சொல்ல இதைவிட இடம் வேண்டுமா? சாலையோரத்தில் கறுப்பு உப்புத் தூவிக் கொடுக்கும் பழத்தை வாங்கிக்கொண்டு, கீழே விழுந்த பழத்தை ஊதினால் ஏன் சுடவில்லை என்று உங்கள் மகன் கேட்பான். துணியைப் பிடித்த அந்த நான்கு பேரின் எட்டுக் கைகளை மட்டும் நீங்கள் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

இன்னொன்று அவசரமானது. சரோஜினி நகர், நௌரோஜி நகர் பக்கத்துப் பழைய குவார்ட்டர்ஸ்கள் இடிபட்டு உயர்ந்த கட்டடங்கள் எழுந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். அங்கே மரம் வெட்டுவதை எதிர்த்து 2018-இல் மக்கள் திரண்டதும் நினைவிருக்கும். உங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் முறை வரக்கூடும். மாடிப்படித் திருப்பம், கம்பி போட்ட பால்கனி, குளிர்காலத்தில் மாமியார் வெயில் காயும் நாற்காலி ஆகியவற்றை இப்போதே வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சொந்த ஊர் என்று நாளைக்கு நினைவில் நிற்கப்போவது கும்பகோணம் அல்ல, அந்தப் பால்கனிதான்.

அடுத்த கிருத்திகைக்குப் போகும்போது மாமியாரின் கையை வலது தோளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதல் படியிலிருந்து மனத்துக்குள் எண்ணிக்கொண்டே ஏறி, இருபத்தொன்றில் கால் வைத்ததும் சற்று நின்று, “அம்மா, இப்போது என்ன சொன்னீர்கள்?” என்று கேளுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள். என் ஊகம் பொய்யாகிப் போனாலும் எழுதுங்கள். படம் ஒன்றும் கூடவே வந்தால், இந்தப் பக்கத்திலேயே அதற்கு இடம் ஒதுக்கி வைக்கிறேன்.