எய்ட்ஸ் இருக்கறவங்களுக்கு ஏன் மாசக்கணக்குல ஆன்டிபயாட்டிக் குடுக்குறாங்க?

நம்ம உடம்புல எதிர்ப்பு சக்தி நல்லா இருக்கும்போது வாலாட்டாத கிருமி, அது குறைஞ்சதும் தலைதூக்குது பாருங்க, அதத்தான் சந்தர்ப்பவாத தொற்றுன்னு சொல்றாங்க. ஆரணி பக்கம் அரிசி மண்டில பூனை இருக்குறவரைக்கும் எலி பொந்த விட்டு வராது, பூனை போயிடுச்சுன்னா மூட்டை மூட்டையா ஓட்டை போட்ரும், அதே கதைதான். பூனைங்கறது இங்க சிடி4 செல்லு, ரத்தத்துல எதிர்ப்பு சக்திய நடத்தற வெள்ளை அணு, எச்ஐவி அதத்தான் கொல்லுது.

மேக்னு ஒரு பாக்டீரியா, டிபியோட பங்காளி முறை, மண்ணுலயும் தண்ணிலயும் சும்மா கெடக்கும், தினமும் நம்ம உள்ளயும் போய்க்கினுதான் இருக்கும், ஒண்ணும் ஆகாது. சிடி4 எண்ணிக்கை (ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல) 50-க்கு கீழ போனாதான் ஜுரம், ராத்திரி வேர்வை, எடை குறையறதுன்னு ஆள உருக்கிடும். அதுக்கு கிளாரித்ரோமைசின் இல்ல அசித்ரோமைசின், கூடவே எதாம்புடால், குறைஞ்சது 12 மாசம். ஒரே மாத்திரை குடுத்தா கிருமி பழகிக்கும், அதான் ரெண்டு மூணு சேத்து. நம்ம ஊர்ல அதிகம் பாக்கறது என்னவோ டிபிதான், அதுக்கு தனி கூட்டு மருந்து இருக்கு. சிடி4 350-க்கு கீழ இருந்தா நிமோனியா மாதிரி சிலது வராம இருக்கவே கோட்ரைமாக்சசோல்னு ஒரு ஆன்டிபயாட்டிக் தினம் குடுப்பாங்க.

ஆன்டிபயாட்டிக் எலிப்பொறி மட்டும்தான். பூனைய திரும்ப கொண்டாறது ஏஆர்டி, அதாவது எச்ஐவி வைரஸ அடக்குற மாத்திரை, ரெண்டும் வேணும்.

ஆன்டிபயாட்டிக் போட்டு ஜுரம் விட்டதும் எச்ஐவியே போயிடுச்சுன்னு சிலபேர் நெனைக்கறாங்க, அது பாக்டீரியாவத்தான் கொல்லும், வைரஸ தொடவே தொடாது.