விலைவாசியோடு ஏறும் மின்கட்டணம்

கேள்வி: மின்வாரியம் கேட்பதை அப்படியே தூக்கிக் கொடுக்க ஓர் ஒழுங்குமுறை ஆணையம் எதற்கு? கருத்துக்கேட்புக் கூட்டமெல்லாம் கண்துடைப்புதானே? (வாசகர், திருப்பூர்)

பதில்: கூட்டத்தைப் பழிக்காதீர்கள். மக்களின் ஆட்சேபனைகளைப் பரிசீலித்துத்தான் கட்டண உத்தரவு போட வேண்டும் என்கிறது 2003 மின்சாரச் சட்டத்தின் 64-ஆவது பிரிவு. அங்கே போய் "ஏழை தாங்கமாட்டான்" என்று மட்டும் பேசிவிட்டு வந்தால் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். கட்டண உயர்வு கேட்டு வாரியம் போட்ட மனுவில் மின்கொள்முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். செலவில் பெரும்பங்கு அங்கேதான். எந்த நிலையத்திடம் யூனிட் என்ன விலைக்கு வாங்கினார்கள், மலிவானதை விட்டு ஏன் அதை எடுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஆணையத்தின் மேல் எனக்கும் கோபம் உண்டு, காரணம் வேறு. 2014 டிசம்பரில் ஏற்றிய கட்டணம் 2022 செப்டம்பர் வரை ஏறவில்லை. வாரியம் மனுவோடு வராவிட்டால் ஆணையங்கள் தாமே விசாரணையைத் தொடங்க வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. 2014-இல் அப்படித் தானே முன்வந்து ஏற்றிய ஆணையம்தான் பிறகு வருடக்கணக்கில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அத்தனை காலமும் வரவுக்கும் செலவுக்கும் இடையே விழுந்த பள்ளத்தை வாரியத்தில் கடன் வாங்கி நிரப்பினார்கள்.

நீங்கள் சொல்லும் "அப்படியே" வேறு இடத்தில் நடக்கிறது. 2022 உத்தரவின்படி ஒவ்வொரு ஜூலையிலும் ஏப்ரல் மாத விலைவாசி உயர்வு அல்லது 6%, எது குறைவோ அந்த அளவு கட்டணம் ஏறும். 2024 ஏப்ரலில் பணவீக்கம் 4.83%, ஜூலையில் கட்டண உயர்வும் 4.83%. 2025 ஏப்ரலில் பணவீக்கம் 3.16%, ஜூலையில் கட்டண உயர்வும் 3.16%. புள்ளிக்குப் பிறகான இலக்கம்கூட மாறவில்லை.

இந்தச் சூத்திரத்தின் பூர்வீகம் பிரிட்டன். அங்கே தொலைபேசி நிறுவனத்துக்காக 1983-இல் பொருளாதார அறிஞர் ஸ்டீபன் லிட்டில்சைல்டு வகுத்தது. 1986-இல் எரிவாயு நிறுவனமான பிரிட்டிஷ் கேஸுக்கும் வைத்தார்கள்: எரிவாயு கொள்முதல் விலை தனி; மற்றச் செலவுகளுக்குப் பணவீக்கத்தில் 2% கழித்துத்தான் ஏற்றலாம். அதற்கு மேல் சிக்கனம் செய்தால் லாபம் நிறுவனத்துக்கு, செய்யாவிட்டால் நஷ்டமும் அதற்கே. போட்டியே இல்லாத நிறுவனத்தைச் சிக்கனத்துக்குத் தள்ளுவது அந்தக் கழித்தல்தான். நம் ஆணையம் விலைவாசியை எடுத்துக்கொண்டது, கழித்தலை விட்டுவிட்டது. வழியில் வீணாகும் மின்சாரத்தை, அதாவது மின்னிழப்பைக் குறைக்க இலக்கு வைக்கிறோம் என்பார்கள். வைக்கட்டும், ஜூலை உயர்விலிருந்து எதுவும் கழிவதில்லையே!

2025-இல் வீடுகளுக்கான உயர்வின் சுமையை அரசே ஏற்றது. உங்கள் ஊர்ப் பெரிய தொழிற்சாலைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. 2026-27-ஓடு இந்த உத்தரவின் காலம் முடிகிறது. அடுத்த மனு வரும்போது, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கழிப்பீர்கள் என்று திருப்பூரிலிருந்தே எழுதிக் கேளுங்கள்.