திருக்கை முள் குத்தி விரல் போனது: டாக்டர் தவறா?

தம்பி, பாம்பனில் வலை இழுக்கும்போது அப்பாவுக்குத் திருக்கை முள் குத்தி, கிளினிக்கில் தையல் போட்டு, பத்தே நாளில் கால்விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது.

ஆனால் விரல் போனது மட்டுமே கவனக்குறைவுக்குச் சாட்சி ஆகாது. அப்பாவுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது என்கிறீர்கள். கடல் தண்ணீரில் இருக்கும் விப்ரியோ கிருமி அப்படிப்பட்ட உடம்பில் வேகமாகப் பரவக்கூடியது. எல்லாம் சரியாகச் செய்தும் விரல் போவதுண்டு. சாதாரணத் திறமையுள்ள மருத்துவர் அந்த நிலையில் என்ன செய்திருப்பார் என்பதே அளவுகோல். 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுதான்.

எனக்கு உறுத்துவது அந்தத் தையல். திருக்கை முள் உள்ளே ஒடிந்து நிற்கக்கூடியது. எக்ஸ்ரே எடுத்தார்களா? நன்றாகக் கழுவி உள்ளே பார்த்தார்களா? இப்படி ஆழமான காயத்தை உடனே மூடாமல் விடுவதுதான் பெரும்பாலும் வழக்கம். வீக்கம் என்று மறுபடி போனபோது என்ன செய்தார்கள்? அதே சமயம், மறுநாள் வரச் சொல்லியும் அப்பா கடலுக்குப் போயிருந்தால் (நம் ஆட்கள் போவார்கள்!) கதையே வேறு.

சரி, முதலில் சிகிச்சைப் பதிவுகளின் நகலை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. அதை வேறொரு சர்ஜனிடம் காட்டுங்கள். காசு வாங்கிய கிளினிக் என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 2 வருடத்துக்குள். அதுவரை பில், மருந்துச் சீட்டு எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.