காட்டு ட்ரோல்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒவ்வொரு படத்திலும் ட்ரோலை ஒவ்வொரு விதமாக வரைகிறார்களே, உண்மையில் அது எப்படித்தான் இருக்கும்?

ட்ரோல் என்பது வட ஐரோப்பிய நாட்டுப்புறக் கதைகளில் வரும் பூதம் போன்ற உயிர். அதன் உருவம், கதை எந்த ஊரில் பிறந்தது என்பதைப் பொறுத்தது. நார்வே மாயக்கதைகளில் மலைபோல் வளர்ந்து நிற்கும். மூன்று, ஆறு, ஒன்பது தலைகள்கூட உண்டு. தெற்கு ஸ்வீடனிலோ மனிதரைப் போலவே இருக்கும். குன்றுக்குள் குடும்பமாக வாழ்ந்து மாடு வளர்க்கும். பாசியும் மரமும் முளைத்த உருவம் நம் மனத்தில் பதிந்ததற்கு நார்வே ஓவியர் தியோடர் கிட்டெல்சன் முக்கியக் காரணம். 1906-இல் அவர் வரைந்த காட்டு ட்ரோலில், காடு எங்கே முடிந்து ட்ரோல் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம்.

கேள்வி: வெயில் பட்டால் கல்லாகிவிடுமா?

பல கதைகளில் ஆகும். ஐஸ்லாந்தின் வீக் கிராமத்துக் கடலோரம் நிற்கும் பாறைத் தூண்கள், கப்பலை இழுத்து வருகையில் விடிந்துவிட்டதால் கல்லான ட்ரோல்கள் என்பார்கள். ஆனால் எல்லா ட்ரோல்களுக்கும் இது பொருந்தாது. ஸ்வீடன் ட்ரோல்கள் அதிகம் அஞ்சுவது இடிமுழக்கத்துக்கும் தேவாலய மணியோசைக்கும்தான்.

கேள்வி: ட்ரோல் முட்டாள்தானே?

இந்த எண்ணத்தோடு எனக்கு நீண்ட காலச் சண்டை உண்டு. நார்வேயின் ஹெடால் காட்டுக் கதையைப் பாருங்கள். பைன் மரத்தளவு உயரமான மூன்று ட்ரோல்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே கண். அதை நெற்றிக்குழியில் பொருத்திக்கொண்டு ஒன்று முன்னால் போக, மற்றவை அதைப் பிடித்தபடி நடக்கும். இருட்டில் மனித வாடை பிடித்து இரண்டு ஏழைச் சிறுவர்களைத் துரத்துகின்றன. மூத்தவன் ஒளிந்திருந்து, கடைசி ட்ரோலின் கணுக்காலில் கோடரியால் வெட்டுகிறான். அது போட்ட அலறலில் முன்னால் போனது திடுக்கிட்டுக் கண்ணைத் தவறவிட, பையன் அதை எடுத்துத் தன் கண்ணருகே வைத்துப் பார்க்கிறான். நள்ளிரவு பட்டப்பகலாகத் தெரிகிறது! அந்த ஒரு கண்ணுக்குப் பொன்னும் வெள்ளியும் இரண்டு எஃகு விற்களும் கொடுத்து மீட்கின்றன ட்ரோல்கள். மிரட்டிப் பார்க்கின்றன, பேரம் பேசுகின்றன, பேசியபடி கொடுக்கவும் செய்கின்றன. முட்டாள் செய்கிற காரியமா இது? ட்ரோலிடம் அளவற்ற பலம் உண்டு, அதோடு ஏதோ ஒரு பெரிய குறையும் உண்டு. அந்தக் குறையைக் கண்டுபிடிப்பவன் பிழைக்கிறான்.

கேள்வி: குழந்தையை மாற்றிவைக்கும் என்கிறார்களே?

ஞானஸ்நானம் ஆகாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் பிள்ளையை விட்டுப்போகும் என்று நம்பினார்கள். அதனால் தொட்டிலில் கத்தியோ கத்தரிக்கோலோ வைப்பார்கள். எஃகை ட்ரோல் தாண்டாது. இந்த நம்பிக்கையின் கொடிய பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மாற்றப்பட்ட பிள்ளையை அடித்துத் துன்புறுத்தினால் ட்ரோல் தாய் ஓடிவந்து உண்மைக் குழந்தையைத் திருப்பித் தருவாள் என்று கதைகள் சொல்லிக்கொடுத்தன. வளர்ச்சி குன்றிப் பிறந்த, நோயுற்ற பிள்ளைகள் மீதுதான் அந்தச் சந்தேகம் விழுந்தது. இந்தக் கதைகளை என்னால் ரசித்துப் படிக்க முடிந்ததில்லை.

கேள்வி: என் கற்பனை உலகில் காட்டு ட்ரோல்களை எழுதுகிறேன். எதைக் கட்டாயம் வைக்க வேண்டும்?

மூக்கை. நார்வே ட்ரோல் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் சொல்வது, "கிறிஸ்தவ இரத்த வாடை அடிக்கிறது" என்பதைத்தான். உங்கள் உலகில் அது எந்த வாடைக்குத் தலைதூக்கும் என்று முடிவு செய்யுங்கள். நகமும் பல்லும் பிறகு வரட்டும்.