ப்ரொப்பெல்லரை மாற்றினால் மறுபடியும் சோதனைப் பறப்பா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். நானே கட்டிய இரண்டு இருக்கை விமானத்துக்கு 40 மணி நேரச் சோதனைப் பறப்பை எப்போதோ முடித்துவிட்டேன். இப்போது மர ஃபிக்ஸட் பிட்ச் (தகடுகளின் கோணம் மாறாத) ப்ரொப்பெல்லரைக் கழற்றி, கான்ஸ்டன்ட் ஸ்பீட் (கோணம் மாறி, சுழலும் வேகத்தைச் சீராக வைக்கும்) ப்ரொப்பெல்லர் மாட்டியிருக்கிறேன். போன ஞாயிறு தனியாக ஒரு சுற்று பறந்தேன். இனி மனைவியை ஏற்றிச் செல்லலாமா?

பதில்: வேண்டாம். அவரைத் தரையிலேயே விட்டுவிடுங்கள், நீங்களும் இப்போதைக்குப் பறக்க வேண்டாம்.

பறக்கும் தகுதிச் சான்றிதழோடு எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) கொடுத்த ‘ஆபரேட்டிங் லிமிடேஷன்ஸ்’ (இயக்கக் கட்டுப்பாடுகள்) தாள்களை எடுத்துப் படியுங்கள். உங்களைக் கட்டுப்படுத்துவது அதுதான். நண்பரின் விமானத் தாளில் வேறு வாசகம் இருக்கலாம், அதை நம்பாதீர்கள். எடை, சமநிலை, இயங்கும் தன்மை ஆகியவற்றைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கும் மாற்றம் விதி 21.93-இன்படி ‘பெரிய மாற்றம்’. மூக்கில் பல கிலோ எடை கூட்டியிருக்கிறீர்கள். ஈர்ப்பு மையம் முன்னால் நகர்ந்திருக்கும், ஏறும் வேகமும் மாறியிருக்கும். அதே மாடல் ப்ரொப்பெல்லரை மாட்டியிருந்தால் இந்தப் பேச்சே வராது.

பெரிய மாற்றம் என்றால் விதி 91.319(b)-இன் சோதனைக் கட்டம் திரும்ப வரும். பெரும்பாலான தாள்களில் குறைந்தது 5 மணி நேரம், பகலில், மக்கள் அடர்த்தி குறைந்த பகுதியில் என்று இருக்கும். சோதனைக்கு அவசியமில்லாத யாரையும் ஏற்றக்கூடாது. சோதனைப் பகுதியை முன்கூட்டியே உங்கள் எஃப்.எஸ்.டி.ஓ. (எஃப்.ஏ.ஏ.-வின் வட்டார) அலுவலகத்துக்குத் தெரிவித்து, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஃபிக்ஸட் பிட்சிலிருந்து மாறுவதால் திருத்திய 8130-6 படிவமும் (தகுதிச் சான்றிதழுக்கான விண்ணப்பம்) கேட்பார்கள். விமானத்தைப் புதிதாக எடை போடுங்கள். சோதனை முடிந்ததும், விமானம் கட்டுப்பாட்டுக்கு அடங்கிப் பறக்கிறது என்ற உறுதிமொழியையும் புதிதாக அளந்த வேகங்களையும் லாக்புக்கில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

சரி, ஞாயிற்றுக்கிழமைப் பறப்பு? முன்தேதியிட்டு எதையும் எழுதிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மறதியை விளக்கிவிடலாம், பொய்ப் பதிவிலிருந்து உங்களை மீட்பது கடினம். தெரியாமல் நடந்த தவறு என்பதால், நாசா நடத்தும் ஏ.எஸ்.ஆர்.எஸ். என்ற விமானப் பாதுகாப்பு அறிக்கைத் திட்டத்துக்கு 10 நாட்களுக்குள் அறிக்கை அனுப்புங்கள். வேறு நிபந்தனைகளும் பொருந்தினால், பின்னால் எஃப்.ஏ.ஏ. நடவடிக்கை எடுத்தாலும் தண்டனையிலிருந்து விலக்கு கிடைக்கும். அந்த 10 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்றே அனுப்புங்கள்.

அப்புறம், மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்லிவிட்டு, பதில் வந்த பிறகே சோதனையைத் தொடங்குங்கள்.