டீலரிடம் பழைய ராணுவ ரைஃபிள் வாங்கும்போது அது அசலா, ஜோடித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் இருப்பது ஓஹையோவில். பதினைந்து வருஷமாக இரண்டாம் உலகப்போர் ரைஃபிள்கள் சேர்க்கிறேன், நன்றாக ஏமாந்தும் இருக்கிறேன். அந்தத் தகுதியில்தான் இந்தப் பதில். (ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: இந்தியாவில் .303, அதாவது பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளின் குண்டு அளவு, தடைசெய்யப்பட்ட ரகம், சாதாரண லைசென்ஸில் கிடைக்காது. நம் பக்கம் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் .315 வாங்குவது அதனால்தான். எனவே இது உங்களுக்கு வேடிக்கை பார்க்க மட்டும்.)

ஒரு துண்டு இரும்பிலிருந்து முழுசாகச் செய்த போலி இங்கே அபூர்வம். பாகிஸ்தானின் தர்ரா ஆதம் கேல் பட்டறைகளில் கையாலேயே அராவிச் செய்தவை அப்படிப்பட்டவை. ஆப்கானிஸ்தான் போன சிப்பாய்கள் ஞாபகப் பொருளாக நிறையக் கொண்டுவந்தார்கள். அவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஆங்கில 'என்' எழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி நிற்கும். விக்டோரியா ராணியின் கிரீட முத்திரைக்குக் கீழே 1907 என்று வருஷம் அடித்திருப்பான். ராணி செத்தது 1901 ஜனவரியில்.

நம் பணத்தைத் தின்பது வேறு வகை. ரைஃபிள் அசல், போருக்குப் போனதும் அசல். சாதாரண ஒன்றை அரிய ஒன்றாக மாற்றிச் சொல்லும் கடைசி நாலு மாற்றங்கள் மட்டும் பொய். நான் முதலில் விழுந்த குழியும் அதுதான்.

அது எம்1903ஏ4. அமெரிக்கத் தரைப்படைக்காக ரெமிங்டன் 1943-லிருந்து செய்த ஸ்னைப்பர் ரைஃபிள். மொத்தமே சுமார் 28,000 தான். அதன் அண்ணன் 1903ஏ3 லட்சக்கணக்கில் உண்டு. இரண்டுக்கும் ரிசீவர் (குழலையும் மற்ற பாகங்களையும் தாங்கும் நடு இரும்புக்கூடு) ஒரே வார்ப்பு மாதிரிதான் தெரியும், ஆனால் விலையில் மூன்று மடங்கு வித்தியாசம். அப்புறம் கேட்கவா வேண்டும்? ஏ3-யை எடுத்து, முன்சைட்டைக் கழற்றி, மேலே ரெட்ஃபீல்டு மவுண்ட்டும் (ஸ்கோப்பைத் தாங்கும் பட்டை) ஒரு பழைய வீவர் ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டி, குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டான போல்ட்டின் பிடியைச் சூடாக்கிக் கீழே வளைத்துவிட்டால் முடிந்தது கதை.

ஒரு கன் ஷோவில் (துப்பாக்கிச் சந்தை) அப்படி ஒன்றை 2,600 டாலர் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, கிளப்பில் இருக்கும் ஒரு பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மனுஷன் ஸ்கோப்பைத் தொடக்கூட இல்லை. மவுண்ட்டுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது, படி என்றார். படிக்க முடியவில்லை. பாதி எழுத்து மவுண்ட்டுக்கு அடியில் போயிருந்தது. அவ்வளவுதான், இது ஏ4 இல்லை என்று சொல்லிவிட்டு காபியை எடுத்துக்கொண்டார்.

காரணம் இது. ஏ3-யில் ரெமிங்டன் பெயர், மாடல், சீரியல் நம்பர் எல்லாம் ரிசீவரின் உச்சியில், நடுவில் இருக்கும். ஏ4-இல் அந்த இடத்தில் மவுண்ட் உட்காரும் என்று ஃபேக்டரிக்கே தெரியும். அதனால் பெயரையும் மாடலையும் இடது பக்கமும், நம்பரை வலது பக்கமும் தள்ளி அடித்தார்கள். மவுண்ட் மாட்டியிருந்தாலும் எல்லாவற்றையும் படிக்கலாம். இன்னொரு வேடிக்கை: அசல் ஏ4 ரிசீவரில் "ஏ4" என்று எங்கேயும் கிடையாது, "மாடல் 03-ஏ3" என்றேதான் இருக்கும். பாவம் வாங்குபவன் சந்தேகப்படக்கூடாதே என்று "03-ஏ4" என்று யாராவது பொறித்து வைத்திருந்தால், அந்த ஒரு எழுத்தே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். சீரியல் நம்பர்களும் ஏ4-க்கென்று தனித் தொகுதிகள்: 34 லட்சத்து 7 ஆயிரத்துச் சொச்சத்தில் தொடங்கும் ஒன்று, 49 லட்சத்து 92 ஆயிரத்தில் தொடங்கும் ஒன்று, முன்னால் 'இசட்' எழுத்து போட்ட ஒரு சின்னத் தொகுதி. இதெல்லாம் எனக்கு வாங்கின பிறகு தெரிந்தது.

ஜெர்மன் ராணுவ ரைஃபிளான மவுசர் கே98கே-யில் வித்தை இன்னும் தேர்ந்தது. சோவியத் படை கைப்பற்றியவற்றைப் போருக்குப் பிறகு மொத்தமாகக் கழற்றி, கலந்து, மறுபடி பூட்டி வைத்தார்கள். அவை பின்னாளில் அமெரிக்காவில் மலிவாக வந்து குவிந்தன. பார்த்தாலே அடையாளம் தெரியும். இரும்பில் கறுப்பான புது ப்ளூயிங் (துருப்பிடிக்காமல் ஏற்றும் கருநிறப் பூச்சு), மரக்கட்டையில் பளபளவென்று அரக்கு வார்னிஷ், பெரும்பாலும் ரிசீவரின் இடது பக்கம் ஒரு எக்ஸ் குறி, போல்ட்டில் மின்பேனாவால் கீறிய நம்பர். போல்ட் வேறு துப்பாக்கியுடையது, நம்பரை மட்டும் ரிசீவரோடு ஒத்துப்போக வைத்திருக்கிறார்கள்.

இதிலிருந்து ஜோடிப்பவன் செய்வது இதுதான். அரக்கைக் கரைத்து எடுப்பான். எக்ஸ் குறியை அராவுவான். கீறிய நம்பரைத் தேய்த்துவிட்டு அச்சால் புது நம்பர் அடித்து, "எல்லா நம்பரும் ஒன்று" என்பான். பேராசை கூடினால் நாஜிகளின் எஸ்எஸ் படையின் மண்டையோட்டு முத்திரையையும் அடித்து விலையை இன்னும் ஏற்றுவான். அப்படிப்பட்ட அசல் ரைஃபிள்கள் இருந்தன, ஆனால் குறைவு. கன் ஷோ மேஜைகளில் நான் பார்த்த மண்டையோடுகளை எண்ணினால் ஜெர்மனியில் வேறு படையே இருந்திருக்காது.

பிடிப்பதற்கு ஒரு டார்ச்சும் பூதக்கண்ணாடியும் போதும். முத்திரையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். அச்சு அடிக்கும்போது ஓரத்தில் இரும்பு லேசாகப் பிதுங்கும். எண்பது வருஷக் கைபட்டதில் அந்தப் பிதுக்கம் மழுங்கியிருக்க வேண்டும். குழிக்குள்ளே இரும்பு புதுசாக மின்னினால், ப்ளூயிங் போட்டதற்கு அப்புறம் அடித்தது. ஒரு இடம் மட்டும் லேசாகப் பள்ளமாகவோ வேறு நிறமாகவோ இருந்தால், அங்கே எதையோ அழித்திருக்கிறார்கள். பெரும்பாலும் அமெரிக்காவின் 1968 துப்பாக்கிச் சட்டத்துக்குப் பிறகு வந்தவற்றில் கட்டாயமாக்கப்பட்ட இம்போர்ட் மார்க்தான் (இறக்குமதி செய்தவரின் முத்திரை) அது. "தாத்தா போரிலிருந்து கொண்டுவந்தது" என்ற கதையை அந்தப் பொடி எழுத்து கெடுத்துவிடும் அல்லவா.

மரக்கட்டைக்கும் இதே நியாயம். ஓரங்கள் உருண்டு, மரம் இரும்பின் மட்டத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அப்படித் தேய்த்த கட்டையில் இன்ஸ்பெக்டர் முத்திரை மட்டும் நேற்று அடித்த மாதிரி கூர்மையாக நிற்கிறதே, எப்படி?

நம் .303-இன் குட்டி வடிவமான நம்பர் 5, அதாவது "ஜங்கிள் கார்பைன்", இதைவிடச் சுலபம். அதைச் செய்தவை பிரிட்டனில் இரண்டே ஃபேக்டரிகள், ஃபஸாக்கர்லியும் பிஎஸ்ஏ ஷர்லியும், 1944 முதல் 1947 வரை. எடையைக் குறைக்க ரிசீவரைக் குடைந்திருப்பார்கள். ரிசீவரை ஒட்டிய இடத்தில் குழலில் பள்ளம் வெட்டியிருப்பார்கள். போல்ட் பிடியின் உருண்டைகூட உள்ளே துளை போட்டது. அதே .303-இன் நீளமான வடிவமான நம்பர் 4-ஐ அறுத்து, முனையில் ஃப்ளாஷ் ஹைடர் (சுடும்போது வரும் தீயை மறைக்கும் புனல்) மாட்டியவனுக்கு இவ்வளவு வேலை செய்யப் பொறுமை இருக்காது. ரிசீவரில் "யு.எஸ். ப்ராப்பர்ட்டி" என்றிருந்தால் அது அமெரிக்காவில் சாவேஜ் செய்த நம்பர் 4. நம் இந்திய ராணுவ ஆலையான இஷாப்பூரின் முத்திரை போட்ட "ஜங்கிள் கார்பைன்" ஒன்றையும் ஒருவர் என்னிடம் நீட்டினார். கொஞ்சம் ஊர்ப்பாசம் எட்டிப்பார்த்தது, ஆனால் வாங்கவில்லை.

அமெரிக்கப் படையின் முக்கிய ரைஃபிளான எம்1 கேரண்டைப் பற்றிச் சுருக்கமாக: "டேங்கர்" என்று குட்டையாக்கி விற்பதைத் தொடாதீர்கள். குட்டை கேரண்டை ராணுவம் 1945-இல் டி26 என்ற பெயரில் சோதித்துப் பார்த்ததோடு சரி. சந்தையில் சுற்றுபவை போருக்குப் பிறகு தனியார் பட்டறைகளில் அறுத்தவை.

என் ஏ4 கதைக்கு வருகிறேன். மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனேன். டீலர் கோபப்படவே இல்லை. பில்லைப் பாருங்கள் என்றார். "ரெமிங்டன் 1903 ரைஃபிள், ஸ்கோப்புடன்" என்று எழுதியிருந்தது. ஏ4 என்று வாயால் பத்துத் தடவை சொன்னவர், காகிதத்தில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. காகிதத்தின்படி அவர் எழுதியதைத்தான் விற்றிருக்கிறார்.

அன்றிலிருந்து நான் பணத்தை எடுப்பதற்கு முன்னால் பேனாவை எடுக்கிறேன். மாடல், எல்லா நம்பரும் ஒத்துப்போகிறதா, மறு முத்திரை உண்டா, மூன்று நாளில் திருப்பித் தரலாமா, இவ்வளவையும் பில்லில் எழுதச் சொல்கிறேன். நல்ல டீலர்கள் யோசிக்காமல் எழுதுவார்கள். போன வருஷம் ஒருவர் மண்டையோட்டு முத்திரை போட்ட கே98கே ஒன்றுக்கு அரை மணி நேரம் போர் வரலாறே சொன்னார். முழுசாகக் கேட்டுவிட்டு, "இதையெல்லாம் பில்லில் போட்டுத் தாருங்கள், இப்போதே எடுத்துக்கொள்கிறேன்" என்றேன். துடைக்கிற துணியை எடுத்து ரைஃபிள் மேல் போர்த்தி, மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு, அடுத்த ஆளிடம் பேசப் போய்விட்டார்.