வர்ஜீனியா: 1607-ஆ, 1624-ஆ?

1607-லேயே அரசர் அனுமதி இருந்ததே, பிறகு ஏன் 1624-ல்தான் வட அமெரிக்காவின் வர்ஜீனியா, அரசரே நேரடியாக ஆளும் குடியேற்றம் ஆனது என்று பாடத்தில் வருகிறது எனக் கேட்டிருந்தீர்கள். குழப்பமே அந்த ‘அனுமதி’யில்தான். 1606-ல் இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸ் பட்டயம் (குடியேற்றம் அமைக்கும் உரிமைப் பத்திரம்) கொடுத்தது வர்ஜீனியா கம்பெனி என்ற தனியார் நிறுவனத்துக்கு. 1607-ல் அது வர்ஜீனியாவில் அமைத்த ஜேம்ஸ்டவுன் குடியிருப்பு, பங்குதாரர்கள் பணம் போட்டு நடத்திய வியாபாரம். 1619-ல் கூடிய முதல் சட்டமன்றம்கூட கம்பெனி உத்தரவுப்படிதான்.

லாபமோ வரவில்லை. 1622-ல் அங்கிருந்த பூர்வகுடிகளான பொவ்ஹாட்டன் மக்களின் தாக்குதலில் சுமார் 350 ஆங்கிலேயர்கள் இறந்தார்கள். கம்பெனிக்குள் கோஷ்டிச் சண்டை வேறு. 1624-ல் பட்டயம் ரத்தானது. அப்புறம் ஆளுநரை நியமித்தது அரசர். சட்டமன்றத்தை மட்டும் குடியேறிகள் விடவில்லை, சரியான பிடிவாதக்காரர்கள்! ஆண்டுதோறும் அதைக் கூட்டலாம் என்று அடுத்த அரசர் முதலாம் சார்லஸ் முறைப்படி ஒப்புக்கொள்ள 1639 ஆகிவிட்டது.